விலங்கு நோட்டு: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளோடு எப்படித் தொடங்குவது

'விலங்கு' என்றதும் பிள்ளைகள் மனதில் வந்து நிற்பது சிங்கமும் யானையும்தான். வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் பலரும் விலங்கு நோட்டை அங்கேதான் தொடங்குகிறார்கள். ஒரு பக்கத்தில் ஒட்டிய சிங்கப் படம், எதிர்ப்பக்கத்தில் புத்தகத்தைப் பார்த்தெழுதிய ஐந்து வரி. அடுத்தது புலி, அதற்கடுத்தது கரடி. கரடி வருவதற்குள் பிள்ளைக்குச் சலித்துவிடுகிறது. சலிக்காமல் என்ன செய்யும்? தன் கண்ணால் பார்த்தது என்று அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லையே.

உயிரியல் கணக்கில் எறும்பு, நத்தை, மண்புழு, பல்லி, காகம் எல்லாமே விலங்குகள்தான். வாசலிலிருந்து பத்தடிக்குள் கிடைக்கும் உயிரினத்தோடு முதல் நோட்டைத் தொடங்குங்கள். அதற்கு எறும்பைவிட நல்லது கிடையாது. தேடி அலைய வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்து பார்த்தாலும் தன் வேலையை நிறுத்தாது. இன்று வந்த இடத்துக்கே நாளையும் வரும். கடிக்கும் வகை என்றால் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

நோட்டும் கருவிகளும்

ஒரு பக்கம் கோடும் எதிர்ப்பக்கம் வெறுந்தாளுமாக வரும் ரெக்கார்டு நோட்டு இதற்குப் பொருத்தமானது. வெறுந்தாளில் படம், கோட்டுத்தாளில் எழுத்து. முழுக்கக் கோடு போட்ட நோட்டில் வரைந்தால் எறும்பின் கால்களும் உணர்கொம்புகளும் கோட்டோடு கலந்துவிடும். ஸ்பைரல் நோட்டு மடித்து எழுத வசதிதான், ஆனால் சரியாக வராத படத்தைப் பிள்ளை கிழித்துப் போடவும் அதுவே வசதி. தைத்த நோட்டாக வாங்குங்கள்.

வாங்கிய அன்றே எல்லாப் பக்கங்களுக்கும் எண் போடுங்கள். முதல் 4 பக்கங்கள் பொருளடக்கத்துக்கு, கடைசி 10 பக்கங்கள் கேள்விகளுக்கு. இதைத் தள்ளிப்போட்டால் ஆறு மாதம் கழித்து நத்தைப் பக்கத்தைத் தேடி முழு நோட்டையும் புரட்ட வேண்டியிருக்கும்.

வெளியே எடுத்துப்போக உள்ளங்கை அளவில் இன்னொரு சிறு நோட்டு வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு 1908 முதல் இயக்குநராக இருந்த ஜோசப் கிரின்னெல் வகுத்த முறையில் இந்தப் பிரிவினை உண்டு: களத்தில் கிறுக்கும் சிறு நோட்டு வேறு, அதைப் பார்த்து விரிவாக எழுதும் நாட்குறிப்பு வேறு. பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். சிறு நோட்டில் எழுத்து கோணலாக இருக்கலாம், பாதிச் சொல்லாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கே பெரிய நோட்டில் ஏற்றிவிட வேண்டும். ஒரு இரவு கடந்தால் 'கா. 3 முறை, பின் இடது' என்ற குறிப்பு எழுதிய பிள்ளைக்கே புரியாது.

மற்றவை: எச்.பி. பென்சில் (2பி மை உதிர்ந்து எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும்), நீலப் பேனா, 15 செ.மீ. ஸ்கேல், அரை மீட்டர் நூல், மூடியில் ஊசித்துளைகள் போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பா, ஒரு லென்ஸ். 10 மடங்கு பெருக்கும் லென்ஸைப் பெரும்பாலோர் கையை நீட்டிப் பிடித்து, மங்கலாகத் தெரிகிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, பொருளை லென்ஸுக்கு 2.5 செ.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது சிரமம். அவர்களுக்கு 3 மடங்கு பெருக்கும் பெரிய கைக்கண்ணாடி போதும்.

பென்சிலும் பேனாவும்

இந்த நோட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கண்ணால் கண்டது பென்சிலில். படித்தோ கேட்டோ தெரிந்துகொண்டது நீலப் பேனாவில். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கலக்கக் கூடாது.

ஆறு கால் என்று எண்ணிப் பார்த்தால் பென்சில். வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண் என்று படித்தால் பேனா. சில வாரங்களில் பக்கத்தைத் திறந்ததுமே பிள்ளை நேரில் பார்த்தது எவ்வளவு, கேட்டு நம்பியது எவ்வளவு என்று நிறத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். முழுப்பக்கமும் நீலமாக இருந்தால் மறுநாள் வெளியே போக வேண்டிய நாள்.

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தேதி, நேரம், இடம், வானிலை, பார்த்தவர் பெயர் ஐந்தும் இருக்க வேண்டும். இடம் என்றால் 'தோட்டம்' என்று எழுதினால் போதாது. 'குழாயடியில், சுவரின் நிழல் விழும் பக்கம்' என்று எழுத வேண்டும். நேரம் விட்டுப்போன குறிப்பை வேறு எந்தக் குறிப்போடும் ஒப்பிட முடியாது. காலையில் மட்டும் வருகிறதா, வெயில் ஏறியதும் மறைகிறதா என்ற கேள்விகளுக்கு விடை அந்த ஓரத்து எண்ணில்தான் இருக்கும்.

முதல் பக்கம்: எறும்பு

முதல் பத்து நிமிடம் பென்சிலையே தொடக் கூடாது. பார்க்க மட்டும். அதன்பின் ஒரு எறும்பை டப்பாவில் பிடித்து நிழலில் வைத்துப் பாருங்கள். வெயிலில் வைத்தால் டப்பா சூடேறி அது இறந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் செத்துக் கிடக்கும் எறும்பு கிடைத்தால் வரைவதற்கு இன்னும் நல்லது, அசையாது.

படத்தைப் பெரிதாக வரைய வேண்டும். 4 மி.மீ. எறும்பை 8 செ.மீ. நீளத்துக்கு வரையட்டும். படத்தின் நீளத்தை உண்மை நீளத்தால் வகுத்தால் 20. படத்தின் கீழே '20 மடங்கு' என்று எழுத வேண்டும். முதலில் மெல்லிய கோட்டில் மூன்று வட்டங்கள்: தலை, மார்பு, வயிறு. பிறகு எண்ணி எண்ணி மற்ற உறுப்புகள். பெயர் குறிக்கும் கோடுகள் ஸ்கேலால் போட்டவையாக, அம்புக்குறி இல்லாமல், ஒன்றையொன்று வெட்டாமல், உறுப்பைத் தொட்டு முடிய வேண்டும். நிழல் தீட்டுவது வேண்டாம். அது அழகுக்கு, இங்கே வேண்டியது அமைப்பு.

நான்கு தவறுகள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளிடமும் வரும். கால்களை வயிற்றிலிருந்தும் வரைவார்கள்; ஆறும் மார்பிலிருந்துதான் புறப்படுகின்றன. உணர்கொம்பை நேராக வரைவார்கள். அது முழங்கை போல மடிந்திருக்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடுப்பும் அதன் மேல் உள்ள சிறு கணுவும் விட்டுப்போகும். முகத்தில் மனிதருடையது போல இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரும். இவையெல்லாம் கார்ட்டூனிலிருந்து வந்தவை. பிள்ளை எறும்பைப் பார்க்கவில்லை, மனதில் இருக்கும் படத்தைப் பார்க்கிறது. அப்போது 'தப்பு' என்று சொல்லாதீர்கள். 'பின்னங்கால் எங்கே ஒட்டியிருக்கிறது, திரும்ப ஒரு தரம் பார்' என்று மட்டும் சொல்லுங்கள். முதல் படத்தை அழிக்க விடாமல் பக்கத்தில் இரண்டாவது படம் வரையச் சொல்லுங்கள். இந்த நோட்டுக்கு ரப்பர் தேவையே இல்லை.

எழுதும் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒருபுறம் 'பார்த்தது', மறுபுறம் 'நினைத்தது'. 'எறும்புகள் பேசிக்கொள்கின்றன' என்பது நினைத்தது. 'எதிரெதிரே வந்த இரண்டும் நின்று உணர்கொம்புகளால் தொட்டுக்கொண்டன, பிறகு விலகிப் போயின' என்பது பார்த்தது. 'காகத்துக்குக் கோபம்' என்பது நினைத்தது. 'தலையைத் தாழ்த்தி 4 முறை கத்தியது' என்பது பார்த்தது. நினைத்ததை எழுதக் கூடாது என்றில்லை, தாராளமாக எழுதலாம். அதன் இடம் வேறு, அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம் ஒரு சோதனை செய்யலாம். மூன்று சிறு பஞ்சுத் துண்டுகள்: ஒன்று வெறும் தண்ணீரில் நனைத்தது, ஒன்று சர்க்கரைத் தண்ணீரில், ஒன்று உப்புத் தண்ணீரில் (1 ஸ்பூனுக்கு 5 ஸ்பூன் தண்ணீர்). எறும்பு வரிசையிலிருந்து 15 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 10 செ.மீ. இடைவெளியில், தனித்தனி அட்டைத் துண்டுகளில் வையுங்கள். 2 நிமிடத்துக்கு ஒரு முறை, மொத்தம் 20 நிமிடம், ஒவ்வொன்றிலும் எத்தனை எறும்பு என்று எண்ணி அட்டவணையில் எழுதட்டும். பஞ்சு இல்லாமல் வெறும் சொட்டாக வைத்தால் எறும்புகள் மூழ்கிவிடும். பக்கத்தில் கடந்துபோகும் எறும்பையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். வாய் பஞ்சைத் தொட்டால்தான் கணக்கு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. முதலில் கண்டுபிடித்த எறும்பு திரும்பும் வழியில் வாசனைத் தடம் போட்டுக்கொண்டே போகும். பின்னால் வருபவை அந்தத் தடத்தைப் பிடித்து வருகின்றன. ஆக ஓரிடத்தில் கூட்டம் சேர்ந்தால் அதற்குச் சுவை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, இடமும் காரணமாக இருக்கலாம். அதனால் புதிய அட்டையில் இடங்களை மாற்றி மாற்றி மூன்று முறை செய்ய வேண்டும். 'ஒரு தடவைதான் செய்தோமே' என்று பிள்ளை முணுமுணுத்தாலும் இதை விடாதீர்கள். அறிவியலில் எதற்காகத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பது இந்த மூன்று அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நத்தை: கண்ணாடிக்கு அடியிலிருந்து

மழைக்குப் பிறகோ மாலையிலோ நத்தை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நடுப்பகலில் எடுத்தால் ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டு வெளியே வராது. ஓர் இலையால் ஏந்தி, தண்ணீர் தெளித்த கண்ணாடித் தட்டிலோ தெளிவான பிளாஸ்டிக் மூடியிலோ விட்டு, நிழலில் பத்து நிமிடம் காத்திருங்கள். ஓட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஓடு உடம்போடு ஒட்டியது, இழுத்தால் உள்ளே கிழியும்.

நகரத் தொடங்கியதும் தட்டைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். பாதம் முழுக்க இருண்ட பட்டைகளும் வெளிறிய பட்டைகளும் வாலிலிருந்து தலையை நோக்கி அலை அலையாக ஓடும். தசை சுருங்கி விரியும் அலைகள் அவை. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்து அம்புக்குறி போடட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு நீளக் கொம்புகளின் நுனியில் கரும்புள்ளியாகக் கண்கள். கீழே இரண்டு குட்டைக் கொம்புகள். ஓட்டின் விளிம்புக்கு அடியில் மூச்சுத்துளை ஒன்று திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று எண்ணலாம்.

வேகத்தையும் அளக்கலாம். தட்டின் அடிப்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி, பத்து நிமிடம். நத்தை வளைந்து வளைந்து போகும், ஸ்கேல் உதவாது. புள்ளிகள் மேல் நூலை வளைத்து வைத்து, பிறகு நூலை நேராக்கி அளந்து, பத்தால் வகுக்க வேண்டும்.

நத்தையின் உடம்பிலும் சளியிலும் மனிதருக்குக் கேடான ஒட்டுண்ணிகள் இருக்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, தட்டையும் கழுவிவிட வேண்டும். பல்லி, ஆமை போன்றவற்றைத் தொட்டாலும் இதே விதிதான். நத்தையை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

புழுவும் பட்டாம்பூச்சியும்

முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று வட்டம் போட்டு நான்கு படம் ஒட்டுவது எல்லாப் பாடநூலிலும் உண்டு. நோட்டில் வேண்டியது நாள்தோறும் அளந்த நீளம். பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1660-ல், 13 வயதில், பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கத் தொடங்கியவர். பிற்காலத்தில் அவர் புழுவையும் அது தின்னும் செடியையும் ஒரே படத்தில் வரைந்தார். அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: எந்தச் செடியில் கிடைத்தது என்பது முதல் வரி.

அந்தச் செடியின் இலையைத்தான் தர வேண்டும். வேறு இலை போட்டால் பெரும்பாலான புழுக்கள் தொடாமல் பட்டினி கிடந்து செத்துப்போகும். உடலெல்லாம் முடியுள்ள புழுவை எடுக்க வேண்டாம், தோல் அரிக்கும். தினமும் புது இலை வைத்து எச்சத்தை அப்புறப்படுத்துங்கள். டப்பாவின் உள்சுவரில் நீர் கோத்தால் பூஞ்சை பிடிக்கும், மூடியை எடுத்துவிட்டு வலைத்துணி கட்டுங்கள். சாய்வாக ஒரு குச்சியும் வைக்க வேண்டும். கூட்டுப்புழு தொங்குவதற்கும், வெளிவந்த பட்டாம்பூச்சி சிறகை விரித்து உலர்த்துவதற்கும் பிடிமானம் வேண்டும்.

திடீரென்று புழு தின்பதை நிறுத்தி அசையாமல் கிடக்கும். நோய் என்று பயந்து கிளறுவார்கள். பெரும்பாலும் அது தோல் உரிக்கும் நேரம், விட்டுவிடுங்கள். சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈயோ குளவியோ வெளியே வரும். பிள்ளை அழலாம். அதன் தாய் புழுவின் மேலோ உள்ளேயோ இட்ட முட்டையிலிருந்து, புழுவைத் தின்று அது வளர்ந்தது. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பிறகு இலைகளில் அது எத்தனை புழுக்களைக் கட்டுக்குள் வைக்கிறது என்று தேடிப் படியுங்கள்.

பறவை: அரை நிமிடக் கணக்கு

பறவையைப் பிடிக்க முடியாது, அதனால் கணக்கெடுக்கிறோம். 10 நிமிடம், 30 விநாடிக்கு ஒரு முறை, அந்தக் கணத்தில் பறவை என்ன செய்கிறதோ அதை மட்டும் ஒரு குறியால் எழுத வேண்டும்: தின்னல், நடத்தல், பறத்தல், இறகு கோதல், கத்தல், சும்மா இருத்தல், காணோம். மொத்தம் 20 குறிகள், ஒவ்வொன்றும் 5 சதவீதம். 'காணோம்' என்ற கட்டம் இல்லாவிட்டால் கூட்டுத்தொகை 20 வராது. நடந்துகொண்டே தின்றால் எதில் சேர்ப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் குனிந்த நேரத்தில் பறவை பறந்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தால் புறாவும் காகமும் குடிப்பதை ஒப்பிடச் சொல்லுங்கள். புறா அலகை அமிழ்த்தி நிமிராமல் உறிஞ்சும். காகம் ஒரு வாய் எடுத்துத் தலையை உயர்த்தி விழுங்கும். கூட்டுக்கு அருகே மட்டும் போக வேண்டாம். தாய்ப்பறவை முட்டையை விட்டுப் போய்விடலாம்.

சிங்கமும் யானையும் எப்போது?

ஐந்தாறு உயிரினங்கள் முடிந்த பிறகு. அவற்றுக்கு வீடியோதான் வழி. முதல் மூன்று நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, பார்த்ததை எழுதட்டும். பிறகு ஒலியோடு பார்த்து, கேட்டதை நீலத்தில் சேர்க்கட்டும். பின்னணிக் குரல் பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளையின் கண் வேலை செய்வதில்லை. புத்தகம் என்றால், ஒரு பக்கம் படித்து, மூடிவைத்து, வாயால் சொல்லிப் பார்த்து, அதன்பின் எழுத வேண்டும். திறந்து வைத்து எழுதினால் அது படியெடுப்பு.

வகைப்பாடும் இந்தக் கட்டத்தில்தான். ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு சிறு அட்டை: கால் எத்தனை, தோல் எப்படி, முதுகெலும்பு உண்டா. அட்டைகளைப் பிள்ளை தன் விருப்பப்படி பிரிக்கட்டும், காரணத்தை எழுதட்டும். சிலந்தியை எறும்போடு வைத்தால் கால்களை எண்ணச் சொல்லுங்கள்: எட்டு. உடலும் இரண்டு பகுதிதான். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரித்து, நத்தையை ஈரறிவிலும் எறும்பை மூவறிவிலும் வைக்கிறது; அந்த வரிசையில் பார்வை நான்காம் அறிவு. லென்ஸில் எறும்பின் கண்ணையும், கொம்பு நுனியில் நத்தையின் கண்ணையும் பார்த்த பிள்ளை இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். அதன்பின் இன்றைய முறை. ஸ்வீடனின் இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட 'சிஸ்டெமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்புதான் விலங்குகளின் இருசொற் பெயர்களுக்கு (பேரினம், சிற்றினம் என இரண்டு லத்தீன் சொற்களால் ஆன அறிவியல் பெயர்) தொடக்கம். கையால் எழுதும்போது முதற்சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்கும், இரண்டு சொல்லுக்கும் அடிக்கோடு போட வேண்டும்.

வயதும் வேகமும்

நான்கு முதல் ஆறு வயது வரை பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்னது சொன்னபடியே, திருத்தாமல். ஏழு முதல் ஒன்பது வரை படமும் மூன்று வரியும் போதும். பத்துக்கு மேல் அட்டவணை, வரைபடம். பதின்மூன்றுக்கு மேல் தன் கேள்வியைத் தானே எடுத்துத் தானே திட்டமிட வேண்டும்.

ஓர் உயிரினத்துக்கு மூன்று வாரம், வாரம் மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம். ஒரு நாள் வெளியே, ஒரு நாள் வாசிப்பு, ஒரு நாள் நோட்டில் ஏற்றுவது. ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்தை நிரப்ப முயலாதீர்கள். இட்டுக்கட்டிய குறிப்பு நோட்டையே கெடுக்கும்.

எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தினால் அடுத்த முறை பிள்ளை தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதும். 'உணர்கொம்பு' மறைந்து 'மீசை' வரும். பிழையான மூன்று சொற்களை வேறு தாளில் குறித்துக்கொண்டு வேறொரு நாள் பழக்குங்கள். பிள்ளையின் நோட்டில் நீங்கள் வரைய வேண்டாம். வரைய ஆசை இருந்தால் உங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்விப் பக்கங்களை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். 'பல்லி ஏன் கண்ணை மூடுவதே இல்லை?' என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், அது நாக்கால் கண்ணை நக்குவதைப் பிள்ளை பார்க்கும்வரை காத்திருக்கலாம். பார்த்த அன்று பென்சிலில் எழுதட்டும். மூடித் திறக்கும் இமை அதற்கு இல்லை, ஒளி ஊடுருவும் செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கிறது என்பதை அதன்கீழே நீலத்தில் சேர்க்கட்டும்.

நோட்டு தீர்ந்ததும் அட்டையில் தொடங்கிய தேதியும் முடித்த தேதியும் எழுதி வையுங்கள். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் மறுபடியும் எறும்பு, பழைய படத்தைப் பார்க்காமல். வரைந்து முடித்த பிறகு இரண்டையும் அருகருகே விரித்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று பிள்ளையே எண்ணி எழுதட்டும், பென்சிலில்.